மத்திய அலை வானொலி: தொழில்நுட்பச் சிக்கல்களும் ஒழுங்குமுறைச் சிக்கல்களும் – திருமுக்கூடலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வீச்சுப் பண்பேற்ற முறையில் இயங்கும் மத்திய அலை வானொலி, பழமையான தொழில்நுட்பம் என்பதால் நலிந்து வருகிறது என்பது பொதுவான கருத்து. இக்கருத்து முழுமையானதன்று. தரையை ஒட்டி நெடுந்தொலைவு பரவும் அதன் இயல்பு இன்றும் மாறவில்லை. அதனைச் சூழ்ந்துள்ள மின்பொருள்களும் வானொலிப் பெட்டிகளும் நிலமதிப்பும் சட்ட ஏற்பாடுகளுமே மாறியுள்ளன. மின்செலவு, மின்காந்த இரைச்சல், பெட்டியின்மை ஆகிய மூன்று சிக்கல்களும் வெவ்வேறு அமைப்புகளின் பொறுப்பில் இருப்பதால், கேட்புநிலை என்னும் இறுதிப் பயனுக்குப் பொறுப்பேற்பவர் எவருமில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் எடுத்துக்காட்டுக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மத்திய அலை, வீச்சுப் பண்பேற்றம், பண்பலை, பிரசார் பாரதி, இரைச்சல், எண்ம வானொலி, திருமுக்கூடல்.

1. முன்னுரை

தமிழகத்தில் வானொலியின் வரலாறு 1924இல் சென்னையில் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகத்திலிருந்து தொடங்குகிறது. பொருள் நெருக்கடியால் அக்கழகம் தன் பணியை 1927இல் நிறுத்திக்கொண்டது. பின்னர் 1930இல் சென்னை மாநகராட்சி அதன் கருவியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கப்பெற்றன. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழகச் சிற்றூர்களில் வானொலி என்றால் மத்திய அலையும் சிற்றலையுமே. 1960களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகை, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியாக உழவர்களிடம் பரவி 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. ஒலிபரப்பின் வீச்சு வேளாண் வாழ்வில் பதிந்ததற்கு இப்பெயரே சான்று.

இன்று அந்த மத்திய அலை ஒலிபரப்பு நாடெங்கும் படிப்படியாகச் சுருங்கி வருகிறது. இதனால் தமிழ் நேயர்கள் இழப்பது எது, அவ்விழப்பு தவிர்க்க இயலாததா என்னும் வினாக்களுக்கு விடைகாணத் தொழில்நுட்பத்தையும் ஒழுங்குமுறையையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். இவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அங்கு இயங்கிய கல்விச்சாலையையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும் குறிப்பிடுவதால் ஆய்வாளர்கள் நன்கறிந்த ஊர். வானொலி நோக்கில் இவ்வூரின் இருப்பிடம் வேறொரு வகையில் கருதத்தக்கது. சென்னைப் பண்பலை ஒலிபரப்பின் விளிம்பை ஒட்டியும், சென்னை மத்திய அலை ஒலிபரப்பின் உட்பரப்பிலும் இது அமைகிறது. ஆகவே இரு முறைகளின் வேறுபாட்டை விளக்க இது பொருத்தமான களமாகும்.

2. கலைச்சொல் விளக்கம்

பேச்சுவழக்கில் ஏ.எம். என்பதும் மத்திய அலை என்பதும் ஒன்றாகவே வழங்குகின்றன. ஏ.எம். எனப்படும் வீச்சுப் பண்பேற்றம், ஒலியை அலையில் ஏற்றும் முறையைக் குறிக்கும். மத்திய அலை என்பதோ அலையின் அதிர்வெண் பரப்பைக் குறிக்கும், ஏறத்தாழ 526.5 முதல் 1606.5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி அது. மத்திய அலையில் எண்ம முறையிலும் ஒலிபரப்பலாம். சிற்றலையிலும் வீச்சுப் பண்பேற்றம் உண்டு. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாவிடில், வீச்சுப் பண்பேற்ற முறை மறைந்தால் மத்திய அலைப் பரப்பும் பயனற்றுவிடும் என்னும் பிழையான முடிவுக்கு வர நேரும்.

வீச்சுப் பண்பேற்றத்தில் ஊர்தி அலையின் உயரம் ஒலிக்கேற்பக் கூடிக் குறைகிறது. பண்பலை எனப்படும் அதிர்வெண் பண்பேற்றத்தில் அலையின் உயரம் மாறாது. அதிர்வெண் மட்டுமே மாறும். மின்னல், மின்பொறி முதலியவற்றின் குறுக்கீடு பெரும்பாலும் அலையின் உயரத்தையே தாக்குகிறது. பண்பலைப் பெட்டி உயர மாற்றத்தை வெட்டி நீக்கிவிடுகிறது. வீச்சுப் பண்பேற்றப் பெட்டியால் அவ்வாறு செய்ய இயலாது. உயர மாற்றமே அங்கு ஒலியாக இருப்பதால், இரைச்சலும் ஒலியாகவே கேட்கிறது.

3. பரவும் இயல்பு

சென்னை ஏ அலைவரிசை 720 கிலோஹெர்ட்சில், 200 கிலோவாட் ஆற்றலுடன், ஆவடியிலுள்ள ஒலிபரப்பியிலிருந்து ஒலித்து வந்துள்ளது. இதன் அலைநீளம் ஏறத்தாழ 416 மீட்டர். இத்தகைய நீண்ட அலை நிலத்தின் வளைவைத் தழுவிச் செல்லும். இதுவே தரை அலை. ஈரமண்ணும் உப்புநீரும் இதனை நன்கு கடத்துகின்றன. வறண்ட பாறைநிலம் விரைவில் தளரச் செய்கிறது. கடலை ஒட்டித் தூத்துக்குடியில் நிறுவப்பட்ட 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட் ஒலிபரப்பி இலங்கைத் தமிழ் நேயர்களை எட்டியதற்குக் கடல்நீரின் கடத்துதிறனும் ஒரு காரணமாகும்.

பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடுவதால் தரை அலை மட்டுமே பயன்படும். இரவில் அவ்வடுக்கு மறைய, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் வான் அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகிறது. தொலைநாட்டு நிலையங்கள் இரவில் கேட்பதும், ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் இரு நிலையங்கள் கலந்து ஒலிப்பதும் இதனால்தான்.

பண்பலையின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அது ஏறக்குறைய நேர்க்கோட்டிலேயே செல்லும். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் கொண்டு அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 150 மீட்டர் உயரக் கோபுரத்திற்கு இது ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 2 மீட்டர் உயரத்தில் உள்ள பெட்டிக்கு மேலும் 6 கிலோமீட்டர் சேரும். சென்னை நகரின் நடுப்பகுதியிலிருந்து திருமுக்கூடல் நேர்க்கோட்டில் இவ்வளவு தொலைவிலேயே உள்ளது. எனவே மாடியில் ஒலிக்கும் பண்பலை, தாழ்ந்த கூரையின்கீழ் கரகரக்கக் கூடும். மத்திய அலைக்கு இவ்வெல்லை இல்லை. 200 கிலோவாட் ஒலிபரப்பிக்கு 50 கிலோமீட்டர் என்பது பகலிலும் எளிதில் எட்டும் தொலைவே.

4. தொழில்நுட்பச் சிக்கல்கள்

4.1 மின்செலவும் நிலமும்

வீச்சுப் பண்பேற்றத்தின் முதன்மைக் குறை ஆற்றல் விரயமாகும். முழுப் பண்பேற்றத்தின்போது வெளிப்படும் மொத்த ஆற்றலில் மூன்றில் இரு பங்கு ஊர்தி அலைக்கே செல்கிறது. அதில் செய்தி ஏதுமில்லை. எஞ்சிய ஒரு பங்கும் இரு பக்கப்பட்டைகளுக்கிடையே பிரிகிறது. இரண்டிலும் உள்ளது ஒரே ஒலிதான். 200 கிலோவாட் ஊர்தி அலையை நாள்தோறும் 18 மணி நேரம் வெளியிட்டால், அதற்கு மட்டுமே 3,600 யூனிட் மின்சாரம் செலவாகும். ஒலிபரப்பியின் உள்ளிழப்பும் குளிரூட்டலும் இதற்கு மேற்பட்டவை. ஒலியின் அளவிற்கேற்ப ஊர்தி அலையைக் குறைக்கும் நுட்பத்தைப் புதிய திண்மநிலை ஒலிபரப்பிகளில் கையாள முடியும். எனினும் பழைய வால்வு ஒலிபரப்பிகளை மாற்றாமல் இச்சிக்கனத்தை முழுமையாகப் பெற இயலாது.

நிலத்தேவை இரண்டாவது சுமை. அலைநீளத்தில் கால்பங்கு உயரமுள்ள கோபுரம் 720 கிலோஹெர்ட்சுக்கு ஏறத்தாழ 104 மீட்டராகும். கோபுரத்தைச் சுற்றி அதே நீளத்திற்குச் செப்புக்கம்பிகளை ஆரங்களாக மண்ணில் புதைக்க வேண்டும். அவ்வட்டத்தின் பரப்பு மட்டுமே ஏறத்தாழ 3.4 எக்டேர், அதாவது எட்டு ஏக்கருக்கு மேல். ஒலிபரப்பி நிறுவப்பட்ட காலத்தில் ஊருக்குப் புறம்பாக இருந்த நிலங்கள் இன்று நகருக்குள் வந்துவிட்டன. நிலமதிப்பு உயர உயர, ஒலிபரப்பைத் தொடர்வதைவிட நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதே ஆதாயமாகத் தோன்றும்.

4.2 இரைச்சல்

எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி மின்னூட்டி, கணினி, இன்வெர்ட்டர், சூரிய மின்கலத்தின் மாற்றி ஆகிய அனைத்தும் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தித் தொடக்கி இயங்குகின்றன. இதனால் எழும் மடங்கு அதிர்வெண்கள் மத்திய அலைப் பரப்பிற்குள் விழுகின்றன. வீட்டின் மின்கம்பிகளே அலைபரப்பியாகச் செயல்பட்டு அவற்றை அறையெங்கும் பரப்புகின்றன. கம்பி கட்டிய சிமெண்டுச் சுவர்கள் வெளியிலிருந்து வரும் அலையைத் தளர்த்தும். உள்ளே பிறக்கும் இரைச்சலையோ வெளியேற விடுவதில்லை. கூரை வீட்டில் தெளிவாகக் கேட்ட நிலையம் மாடி வீட்டில் கேட்காமல் போவதற்கு இதுவே காரணம்.

காஞ்சிபுரம் வட்டார நெசவாளர்க்கு இது சிறப்பாகப் பொருந்தும். தறிக்குழியில் அமர்ந்து நெய்பவருக்குக் கை, கால், கண் மூன்றும் பணியில் ஈடுபட்டுள்ளன. செவி ஒன்றே ஓய்ந்திருப்பது. ஆகவே திரையை நாடாத ஊடகமே அவருக்கு உகந்தது. ஆனால் தறிக்கு மேல் தொங்கும் மலிவான விளக்கே அவ்வூடகத்தைக் கெடுக்கக் கூடும். ஒலிபரப்பியின் ஆற்றலை இருமடங்காக்கினாலும் கிடைக்கும் உயர்வு 3 டெசிபெல் மட்டுமே. பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் உள்ள விளக்கின் இரைச்சலை அவ்வுயர்வு வெல்வது அரிது. எனவே இரைச்சலை அது பிறக்குமிடத்தில் தடுப்பதே முறையான தீர்வாகும்.

4.3 வானொலிப் பெட்டி

கைப்பேசிகள் பலவற்றில் பண்பலை வாங்கி உண்டு. காதணிக் கம்பியே அதற்கு ஏரியலாகிறது. மத்திய அலைக்கோ ஃபெரைட் தண்டில் சுற்றிய கம்பிச்சுருள் தேவை. மெலிந்த கைப்பேசியில் அதற்கு இடமில்லை. கைப்பேசியின் உள்மின்சுற்றுகளே இரைச்சல் எழுப்புபவை. பண்பலை வசதியை முடக்காதிருக்குமாறு 2023 ஏப்ரலில் ஒன்றிய மின்னணுவியல் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கைப்பேசித் தொழில் அமைப்புகளை அறிவுறுத்தியது. இத்தகைய அறிவுறுத்தலால் மத்திய அலைக்குப் பயன் விளைய வழியில்லை. தனிப் பெட்டி வாங்குவோர் குறையக் குறைய, மத்திய அலை நேயர்களும் குறைகின்றனர்.

5. ஒழுங்குமுறைச் சிக்கல்கள்

5.1 அதிர்வெண் ஒதுக்கீடு

ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய பகுதிகளின் மத்திய அலை ஒதுக்கீடு 1975ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டின்படி அமைந்தது. 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தில், நிலையங்களுக்கிடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வகுக்கப்பட்டது. சென்னையின் 720, திருச்சியின் 936, தூத்துக்குடியின் 1053 ஆகிய எண்கள் யாவும் ஒன்பதால் மீதியின்றி வகுபடுவது இதனால்தான். 531 முதல் 1602 வரை இவ்வாறு 120 இடங்களே உள்ளன; அவற்றைப் பல நாடுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்நெருக்கடி ஒலித்தரத்தையும் கட்டுப்படுத்துகிறது. 9 கிலோஹெர்ட்ஸ் இடத்தின் இரு பாதிகளிலும் ஒரே ஒலி அமைவதால், குறுக்கீடின்றிக் கிடைப்பது ஏறத்தாழ 4.5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே. பேச்சுக்கு இது போதும். நாகசுரத்தின் முழு நாதத்திற்குப் போதாது.

5.2 உரிமமும் பொறுப்பும்

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 1990ஆம் ஆண்டுப் பிரசார் பாரதிச் சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. தனியார் வானொலிக்கான கொள்கைகள் 1999 முதல் கட்டங்கட்டமாக வகுக்கப்பட்டன. அவை அனைத்தும் பண்பலைக்கே உரியவை. மத்திய அலை பிரசார் பாரதியின் தனிக்களமாகவே நீடித்தது. இதன் விளைவு கருதத்தக்கது. போட்டியாளரோ மாற்று நடத்துநரோ இல்லாத களத்தில், ஒரே நிறுவனம் ஒலிபரப்பியை மூடினால் அந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்த முன்வருபவர் எவருமில்லை.

பொறுப்புகளும் சிதறியுள்ளன. வானொலிக் கொள்கை தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் உள்ளது. அதிர்வெண் ஒதுக்கீடும் கோபுர இசைவும் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் தொடர்புப் பிரிவைச் சார்ந்தவை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒலிபரப்புக் கொள்கை பற்றிப் பரிந்துரைகளை வழங்குகிறது. மின்விளக்கின் தரம் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தைச் சார்ந்தது. விளக்குகள் எழுப்பும் வானலை இரைச்சலுக்குப் பன்னாட்டு வரம்புகள் உள்ளன. ஆனால் கடையில் விற்கும் விளக்கால் ஒரு நேயரின் கேட்பு கெட்டால், அதனை அளந்து தீர்க்கும் கடமை ஒலிபரப்பு நிறுவனத்திடமும் இல்லை. தரநிர்ணய அமைவனம் நோக்குவதோ பொருளின் தரத்தையே.

5.3 செய்திக் கட்டுப்பாடு

தனியார் பண்பலை நிலையங்கள் தம் செய்தியைத் தாமே தயாரித்து ஒலிபரப்ப இசைவு பெறவில்லை. மூன்றாம் கட்டக் கொள்கையின்படி அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி எடுத்தாளலாம். மணிக்கு 10 நிமிடம் வரை செய்திக்கு இசைவளிக்கலாம் என ஒழுங்குமுறை ஆணையம் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சமுதாய வானொலி இயக்கம் சிற்றூர்க் குரலுக்கு இடமளித்தது. எனினும் 100 வாட் ஆற்றலும் 30 மீட்டர் கோபுரமும் என்னும் வரம்பிற்குள் அது ஓர் ஊரையும் அதன் சுற்றத்தையுமே எட்டும். ஆகவே பரந்த பரப்பில் வானொலி வழியே தமிழ்ச் செய்தி வழங்கும் பணி பொதுத்துறை ஒலிபரப்பையே சார்ந்துள்ளது. மத்திய அலை மூடப்பட்டு அவ்விடத்தைப் பண்பலை முழுமையாக நிரப்பாவிடில், அதனை நிரப்ப வேறு எவருக்கும் சட்டத்தில் இடமில்லை.

6. எண்ம மாற்றம்

இச்சிக்கல்களுக்குத் தீர்வாக முன்வைக்கப்பட்டது டி.ஆர்.எம். என்னும் எண்ம வானொலி முறை. ஏறத்தாழ அதே மத்திய அலை இடத்தில், குறைந்த ஆற்றலில், தெளிவான ஒலியையும் எழுத்துச் செய்தியையும் பேரிடர் எச்சரிக்கையையும் இதனால் அனுப்ப முடியும். பிரசார் பாரதி முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளை இம்முறைக்கு ஏற்றவையாக நிறுவியது. ஆயின் சிற்றூர் நேயர் வாங்கத்தக்க மலிவான பெட்டி பெருமளவில் சந்தைக்கு வரவில்லை. சில மகிழுந்துகளில் மட்டுமே வாங்கிகள் பொருத்தப்பட்டன. பழைய பெட்டி வைத்திருப்போரைக் கைவிடாதிருக்க இரு முறைகளிலும் ஒருசேர ஒலிபரப்பினால், அதிர்வெண் இடம் இருமடங்காகிறது, மின்சிக்கனமும் கைகூடுவதில்லை.

எண்ம வானொலிக்குக் காலவரையறையுடன் கூடிய கொள்கை வேண்டுமென ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் பரிந்துரைத்தது. 2024 செப்டம்பரில் தனியார் எண்ம வானொலி குறித்து அது வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை பண்பலைப் பரப்பையே நோக்கியது. பண்பலைப் பரப்பிற்கு ஒரு முறையும் மத்திய அலைக்கு வேறொரு முறையும் ஏற்கப்பட்டால், பெட்டி உற்பத்தியாளர் பெரிய சந்தையையே தேர்வார். அந்நிலையில் மத்திய அலை எண்ம ஒலிபரப்பு கேட்பாரற்று நிற்கும்.

7. பிற நாட்டு நிலை

ஜெர்மனியின் பொது வானொலி 2015ஆம் ஆண்டு இறுதியில் மத்திய அலையை நிறுத்தியது. அயர்லாந்து 2023 ஏப்ரலில் நெட்டலை ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. பிரிட்டனில் வாழும் முதிய அயர்லாந்து நேயர்கள் அதனால் பாதிப்புற்றனர். இலங்கையை நோக்கிய தூத்துக்குடி ஒலிபரப்பைச் சிந்திப்போர்க்கு இவ்வொப்புமை விளங்கும். ஜப்பானில் 47 தனியார் மத்திய அலை நிறுவனங்களுள் 44 நிறுவனங்கள், 2028க்குள் பண்பலைக்கு மாறும் நோக்கத்தை 2021இல் அறிவித்தன; முன்னதாகவே துணைப் பண்பலை ஒலிபரப்புகள் அங்கு நிறுவப்பட்டிருந்தன. அமெரிக்காவிலோ மின்மகிழுந்துகளின் மோட்டார் இரைச்சலைக் காட்டிச் சில நிறுவனங்கள் வீச்சுப் பண்பேற்ற வாங்கியை நீக்கியபோது, அதனை எல்லா ஊர்திகளிலும் கட்டாயமாக்கும் மசோதா 2023இல் முன்மொழியப்பட்டது. மூடுவதா, காப்பதா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. ஆனால் மாற்று ஏற்பாடு முந்தியும் மூடல் பிந்தியும் அமைய வேண்டும் என்பதையே ஜப்பானிய நடைமுறை உணர்த்துகிறது.

8. பரவலும் கேட்புநிலையும்

அகில இந்திய வானொலி நாட்டின் நிலப்பரப்பில் 92 விழுக்காட்டையும் மக்கள்தொகையில் 99.19 விழுக்காட்டையும் எட்டுவதாக அரசு ஆவணங்கள் கூறிவந்துள்ளன. 2023 ஜனவரியில் 2,539.61 கோடி ரூபாயில் இசைவளிக்கப்பட்ட ஒலிபரப்புக் கட்டமைப்புத் திட்டம், பண்பலைப் பரவலை நிலப்பரப்பில் 59இலிருந்து 66 விழுக்காடாகவும் மக்கள்தொகையில் 68இலிருந்து 80 விழுக்காடாகவும் உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. அவ்வாண்டு ஏப்ரலில் 91 சிறிய பண்பலை ஒலிபரப்பிகள் ஒரே நாளில் தொடங்கப்பெற்றன. இம்முயற்சி பாராட்டத்தக்கதே. எனினும் இலக்கு முழுதும் நிறைவேறினாலும் நிலப்பரப்பில் 26 விழுக்காட்டுப் புள்ளிகளும் மக்கள்தொகையில் 19 புள்ளிகளும் இடைவெளியாக எஞ்சும். பழைய கணக்கில் அவ்விடைவெளியை நிரப்பியது பெரும்பாலும் மத்திய அலையே.

இரு தொகைக் கணக்குகளும் ஒலிபரப்பியிலிருந்து புறப்படும் அலையின் எல்லையைக் குறிப்பவை. நேயரின் அறையில் ஒலி விளங்குகிறதா என்பதை அவை காட்டா. மத்திய அலைப் பரவலை இன்றைய இரைச்சல் நிலையில் அளந்தால் பழைய விழுக்காடு குறையக் கூடும். பண்பலைப் பரவலைத் தாழ்ந்த கூரையின்கீழ் அளந்தாலும் குறையக் கூடும். உரிய தொழில்நுட்பத்தைத் தேர்ந்து, அதிர்வெண்களை நன்கு பயன்படுத்தி, தரமான கேட்புநிலையை உறுதிசெய்து முழுமையான பரவலை வழங்குவது பிரசார் பாரதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறும் நோக்கங்களுள் ஒன்று. கேட்புநிலை அங்கு வெளிப்படையாகவே சுட்டப்படுகிறது. அதனை அளக்கும் முறையே வகுக்கப்பட வேண்டியுள்ளது.

பேரிடர்க் காலத்தில் இவ்வினா கூர்மை பெறுகிறது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களைத் தாக்கியபோது மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பரவலாக அற்றுப்போயின. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் ஓடியது. ஆறுகள் கூடும் திருமுக்கூடல் போன்ற ஊருக்கு வெள்ள எச்சரிக்கை இன்றியமையாதது. மின்சாரம் நின்ற இரவில் வீட்டிலெழும் இரைச்சலும் நின்றுவிடுவதால், மத்திய அலை அப்போதுதான் மிகத் தெளிவாகக் கேட்கும். இரண்டு பேட்டரிகளில் இயங்கும் பெட்டி, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் குரலை எவ்வித இடைநிலைக் கோபுரமுமின்றிப் பெற முடியும். மறுபுறம், ஒரே ஒலிபரப்பியை நம்பியிருப்பதிலும் இடருண்டு. அக்கோபுரம் வீழ்ந்தால் பரப்பு முழுதும் ஒலியற்றுவிடும். ஆகவே மத்திய அலையும் பண்பலையும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்பதே பாதுகாப்பானது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. மத்திய அலையின் நலிவு அதன் பரவல் இயல்பால் நேர்ந்ததன்று. மின்செலவும் இரைச்சலும் பெட்டியின்மையும் ஒன்றையொன்று வளர்த்ததால் நேர்ந்தது.

2. இம்மூன்றும் வெவ்வேறு அமைப்புகளின் பொறுப்பில் உள்ளன. ஒலிபரப்பியைப் புதுப்பித்து இரைச்சலை விட்டுவிட்டாலும், எண்ம முறையைப் புகுத்திப் பெட்டியை விட்டுவிட்டாலும் பயன் விளையாது.

3. தனியார்க்கு மத்திய அலையில் இடமும் பண்பலையில் சொந்தச் செய்திக்கு இசைவும் இல்லாத நிலையில், ஒலிபரப்பியை மூடும் முடிவு ஒரு நிறுவனத்தின் செலவுக் கணக்காக மட்டும் அமையலாகாது. மூடுவதற்கு முன் அப்பரப்பிலுள்ள ஊர்களில், வீட்டினுள்ளே, பகலிலும் இரவிலும் மாற்று ஒலிபரப்பின் கேட்புநிலையை அளந்து வெளியிடுவது குறைந்த அளவு நெறியாகக் கொள்ளத்தக்கது.

4. அத்தகைய அளவீட்டிற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு புலச்செறிவு அளவியும், ஊர்தோறும் சில வீடுகளும், ஒரே வகைப் பெட்டியும் போதும். கல்லூரிகளின் இயற்பியல் துறையும் இதழியல் துறையும் இணைந்து இதனைச் செய்யலாம். திருமுக்கூடல், வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரம் சென்னையின் இருவகை ஒலிபரப்பையும் ஒப்பிட ஏற்ற இடமாதலால், அங்கிருந்தே தொடங்கலாம்.